பழைய மௌனம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் கதை விடுகிற பெண் இல்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வேலையை என் அண்ணன் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். இது எனக்கே நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில்.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்ஜினியர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் கரி என்று சொல்வேன். பென்சில் முனைக் கரியை ஏடு ஏடாகப் பிரித்துக்கொண்டே போனால், இனிமேல் பிரிக்க முடியாது என்று கடைசியில் ஓர் ஏடு மிஞ்சும். ஒரே ஓர் அணு கனம். அதற்குப் பெயர் கிராஃபீன். நாங்கள் அதைப் பென்சிலில் இருந்து எடுப்பதில்லை. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தாள் ஒன்றின் மேல் லேசரை ஓட்டுவோம். கிர்ர்ர் என்று கோடு கோடாகச் சுட்டுக்கொண்டு போகும். சுட்ட இடமெல்லாம் கன்னங்கரேல் என்று கிராஃபீன் படிந்திருக்கும். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, கார்பன் நானோகுழாயில் திரித்த நூலைக் கம்பியாக வைத்தால் ஒரு பேட்ச் தயார்.

அந்தப் பேட்சைக் கழுத்தில் ஒட்டுவோம். பேச நினைத்தால் தொண்டைத் தசை அசையும் அல்லவா, குரலே வராவிட்டாலும் அசையும். அந்த அசைவில் பேட்ச் துளி வளையும். வளைந்தால் அதில் ஓடுகிற மின்சாரம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்து மெஷின் இன்ன வார்த்தை என்று கண்டுபிடித்து ஸ்பீக்கரில் பேசும். குரல் போனவர்களுக்காகச் செய்தது.

யாருக்காகவோ என்று ஆரம்பித்த வேலை. பிறகு என் அண்ணனுக்கே தேவைப்பட்டது.

அவன் மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவன். பெட்டி மேல் ஏறி நின்று வாயைத் திறந்தால் எதிர்த் தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு மூச்சு மூக்கிலும் இல்லை, வாயிலும் இல்லை. கழுத்தின் அடியில் ஒரு துளை, அதில் ஒரு சின்ன ரப்பர் குழாய். அந்தக் குழாயில் சளி காய்ந்து அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான். ஆளைக் கூப்பிடவும் முடியாது. அண்ணி தூக்கத்தில்கூட அந்தச் "சுர்... சுர்..." சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டேதான் படுத்திருப்பார்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை. போனில் தட்டிக் காட்டினான்.

"பாப்பாவ இன்னொரு ரூம்ல இருந்து கூப்பிடணும்."

பக்கத்தில் இருந்தால் கை தட்டலாம், தோளைத் தொடலாம். இன்னொரு அறையில் இருக்கிற பிள்ளையை என்ன செய்து கூப்பிடுவது? "கூப்பிட்டா மட்டும் உன் பொண்ணு வந்துடுவாளா" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் முன்னால் அவன் பேசிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் மெஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். ஒரு வருடம் கழித்து அவன் எப்படி இருப்பான் என்று எந்த டாக்டரும் வாய் திறந்து சொல்லவில்லை.

குரலுக்கு மட்டும் பஞ்சமில்லை. மார்க்கெட் ஆட்கள் போனில் எடுத்து வைத்திருந்த ஏல வீடியோக்களில் இருந்து அவன் குரலையே எடுத்து மெஷினில் ஏற்றினேன். அதனால் அவன் "தண்ணி வேணும்" என்றாலும் தண்ணீரை ஏலம் விடுகிற மாதிரிதான் கேட்கும்.

இனி, நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேச்சைக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் மெஷினுக்கு மௌனத்தைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கழுத்தில் சும்மாவே எத்தனையோ அசைவு. நாடி துடிக்கும், எச்சில் விழுங்குவோம், மூச்சு போய் வரும். இதெல்லாம் பேச்சில்லை, கழித்துவிடு என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்காக ஓர் ஆள் பேட்சை ஒட்டிக்கொண்டு, வாயை மூடி, நாக்கை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பதிவைத்தான் நாங்கள் மௌனம் என்போம்.

அதற்கென்று ஓர் அறை. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவு எல்லாம் கனமான பஞ்சு. கதவைச் சாத்தினால் ரப்பர் விளிம்பு "ப்பச்" என்று காற்றை உறிஞ்சிக்கொண்டு ஒட்டும். உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது, வெளியே விழுந்தாலும் உள்ளே கேட்காது. விளக்கு எரிந்தால் அதன் ரீங்காரம் பதிவில் விழும் என்று இருட்டில்தான் உட்கார வைப்போம். சுவிட்சும் வெளியேதான். கதவின் உள்பக்கக் கைப்பிடி மட்டும் மற்ற சாமான்களை விடப் புதுசாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அதைப் பார்க்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

நல்ல மௌனம் கிடைப்பது லேசில்லை. யாராவது இருமுவார்கள், யாராவது தூங்கி விழுவார்கள். ஆனால் எங்களிடம் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்தது. பெயர் இல்லை, எண் மட்டும். சேமிப்பில் கிடந்த நூற்றுக்கணக்கான பதிவுகளில் இதுதான் ரொம்பச் சுத்தம் என்று கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்தது. பாதிக்கு மேல் அப்படியே பளிங்கு. எச்சில் விழுங்கவில்லை, நாடிகூடத் தெரியவில்லை. "யாருய்யா இந்தச் சாமியார்" என்று கிண்டல் பண்ணுவோம். எந்தப் புது மெஷின் வந்தாலும் முதலில் அதைத்தான் ஏற்றுவோம். பழைய மௌனம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டோம்.

அன்று சனிக்கிழமை. ஞாயிறோடு சேர்த்துக் கூடத்துக்கு விடுமுறை. லிப்ட் ஓடாது, மேல் மாடி மெஷின்கள் ஓடாது, மௌனம் எடுக்க அதை விட நல்ல நாள் கிடைக்காது. அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி வாசல் வரை வந்து, "ஏசி காத்து ஆகாது. அடிக்கடி டியூபைப் பாரு" என்று என்னிடம்தான் சொன்னார். அண்ணனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

காலையில் ஒத்திகை பார்த்தோம். எல்லாம் அருமையாக வந்தது. "பசிக்குது", "டீவியை நிறுத்து", "அண்ணி சமையல் சுமார்"... எல்லாம் வந்தது. கடைசியில் சொன்னதை அவனே சேர்த்துக்கொண்டான், அவன் பெண்டாட்டியை எனக்காக அண்ணி என்று சொல்லியிருக்கிறான்.

ஆனால் சில வார்த்தைகள் மட்டும் வரவே இல்லை.

"கதவு" என்று வாயசைத்தான். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. "திற." ஊமை. "லைட்டு." ஊமை. "மூச்சு." ஊமை. பேட்சை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். அதே நான்கு வார்த்தைகள்.

அண்ணன் போனில் தட்டிக் காட்டினான். "மூச்சுன்னு சொன்னா மூச்சு விட மாட்டேங்குது உன் மெஷின்."

"சிரிக்காத. திங்கட்கிழமை அவங்க முன்னாடி கதவுன்னு சொல்லி வரலைன்னா அசிங்கம்."

மெஷினைக் குடைந்து பார்த்தேன். குற்றவாளி பழைய மௌனம்தான். அந்த வார்த்தைகள் வந்தால் மெஷின் அவற்றைச் சத்தம் என்று நினைத்துக் கழித்துவிடுகிறது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. திங்கட்கிழமை தலைக்கு மேல் நின்றது. பழைய மௌனத்தை மெஷினில் இருந்து அழித்தேன். என் கழுத்திலேயே ஒரு புது மௌனம் எடுத்து இப்போதைக்கு ஓட்டிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அண்ணன் லேசாக இருமிக்கொண்டிருந்ததால் அவனை உட்கார வைக்க முடியாது.

இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்யக் கூடாது, வெளியே ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று கூடத்தில் ஒரு விதி. அண்ணனை வெளியே ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்தேன். அவன் கழுத்தில் இருந்த பேட்சைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன், தோல் சிவந்திருந்தது. கேபிள் இருப்பது ஒன்றுதான். அதை என் பேட்சில் மாட்டிக்கொண்டேன்.

"ஏதாவதுன்னா லைட்டைப் போடு. நான் வெளிய வந்துடுவேன்."

கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

உள்ளே போனேன். ப்பச். கதவு ஒட்டிக்கொண்டது. விளக்கு அணைந்தது. மணி இரண்டு நாற்பது.

மௌனம் எடுக்கும்போது உள்ளே இருக்கிற ஸ்பீக்கரை நிறுத்த மாட்டோம். ஆரம்பத்தில் மெஷின் நாடித் துடிப்பை எழுத்து என்று நினைத்துக்கொண்டு முனகும். போகப் போகக் கற்றுக்கொள்ளும். முனகல் அடங்கினால் மௌனம் தயார் என்று அர்த்தம்.

"த... த... ப்... த..."

இருட்டில் அண்ணன் குரலில் அது முனகிக்கொண்டிருந்தது. என் நாடிதான். எச்சில் விழுங்கினேன். "ங்" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முனகல் தேய்ந்தது. அப்புறம் நின்றே போனது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

"கதவு."

தெளிவாக. ஒரே வார்த்தை.

என் நாக்குதான் அசைந்திருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். காலையில் இருந்து அதே வார்த்தை மண்டையில் ஓடுகிறது அல்லவா. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கதவு... திற..."

நான் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை.

"கதவைத் திறங்கம்மா."

அண்ணன் குரல். ஆனால் அண்ணன் இல்லை. அவன் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவான், நான் பிறந்ததில் இருந்து. வாங்க போங்க என்று அவன் என்னிடம் பேசிய ஒரே சந்தர்ப்பம், என் சைக்கிளை உடைத்துவிட்டு வந்து நின்றபோது.

வெளியே உட்கார்ந்து விளையாடுகிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. பெட்டியில் இருந்த பேட்சை எடுத்து மாட்டிக்கொண்டு ஏதோ பண்ணுகிறான்... அப்புறம்தான் உறைத்தது. கேபிள் ஒன்றுதான். அது என் கழுத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் அது என் தொண்டையில் இருந்து வருகிறது.

என் வாய் மூடியிருக்கிறது.

"லைட்டு போடுங்கம்மா... யாரும் இல்லையா..."

கை தானாகக் கழுத்துக்குப் போனது. பேட்சைப் பிடித்து இழுத்தேன். சர்ர்க் என்று தோலோடு வந்தது. உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டேன்.

"மூச்சு வரலம்மா."

கேபிளைப் பிடுங்கினேன். டக் என்று அது கழன்று தரையில் விழுந்தது கேட்டது.

"மூச்சு... வரலம்மா..."

நாற்காலியில் இருந்து எழுந்தேன். கையை நீட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன். பஞ்சு. பஞ்சு. எங்கே தொட்டாலும் பஞ்சு. கைப்பிடியைக் காணோம்.

அப்போது பின்னால்...

டக். டக். டக்.

நான் எழுந்து வந்த நாற்காலி. அதன் மரக் கைப்பிடியில் யாரோ தட்டுகிறார்கள்.

டக். டக். டக்.

அவசரமாக இல்லை. அடித்து அடித்துக் கை ஓய்ந்து போன ஒருவர் தட்டுவது போல.

நான் கத்தினேன். என் சத்தத்தைப் பஞ்சு தின்றுவிட்டது. "அண்ணா... லைட்டைப் போடு... அண்ணா..."

லைட் வரவில்லை.

டக்... டக்...

டக்.

நின்றுவிட்டது.

ஸ்பீக்கரும் நின்றுவிட்டது.

அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதே இல்லை. அந்த அறையில் எப்போதும் நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். அப்போது அதுகூடக் கேட்கவில்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்...

தெரியாது.

பிறகு ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை பேசியது. கெஞ்சவில்லை. மெதுவாக, அக்கறையாக, வாசலில் நின்று தகவல் சொல்லிவிட்டுப் போகிறவர் போல.

"வெளியில பாருங்கம்மா. ஏலக்காரருக்கும் மூச்சு வரல."

கைப்பிடி என் விரலில் தட்டுப்பட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தேன். வெளிச்சம் கண்ணைக் கூசியது. நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் தரையில் கிடந்தான். ஒரு கை கழுத்தில். இன்னொரு கை சுவரோரம் நீண்டிருந்தது, சுவிட்சுக்கு ஒரு முழம் கீழே. உதடு நீலம். "சுர்... சுர்..." சத்தம் இல்லை.

எனக்குக் கை கால் ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓடியது. அண்ணி ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தது. குழாயைப் பிடித்து உருவினேன். உள் முனையில் காய்ந்த சளி, தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணி கொடுத்தனுப்பிய பையில் இருந்து உப்புத் தண்ணீரை எடுத்துத் துளையில் சொட்டு விட்டேன். சிரிஞ்சை வைத்து உறிஞ்சினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. ஒன்றும் இல்லை. "டேய், மூச்சு விடுடா" என்றேன். அண்ணனை நான் வாழ்க்கையில் டேய் என்றது அன்றைக்குத்தான். துளையில் வாயை வைத்து ஊதினேன்.

உடம்பு தூக்கிப் போட்டது. இருமினான்.

சுர்ர்ர்...

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியபோது மணி இரண்டு ஐம்பத்தாறு.

இன்னும் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நல்ல வேளையாக அண்ணி வருவதற்குள் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் கண் திறந்தான். கையை நீட்டிப் போனைக் கேட்டான்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்படியென்றால் இவன்தான். எப்படியோ, எந்த வழியிலோ, இவன்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

"என்னன்னு கூப்பிட்ட?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தட்டினான்.

"வாலுன்னுதான். வேற எப்படிக் கூப்பிடுவேன்?"

இறங்கின மூட்டை திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வார்டு நர்ஸ் தலை நரைத்தவர். குரல் போனவர்களைப் பார்த்துக்கொள்வதே அவருக்கு வேலை. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் எங்கள் கூடத்தின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"அந்த இருட்டு ரூம்லயா ஆச்சு?"

"ரூம்ல நான் இருந்தேன் சிஸ்டர். இவன் வெளிய."

"அந்த ரூமை இன்னுமா வச்சிருக்காங்க?"

அவராகத்தான் சொன்னார்.

"தபால்காரர் ஒருத்தர் இருந்தார். இதே ஆபரேஷன்தான் அவருக்கும். சும்மா உட்கார்ந்தா போதும்னு சொன்னாங்க, நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன். வாசல் வாசலா ஏறி இறங்கின மனுஷன், எந்தப் பொண்ணைப் பார்த்தாலும் அம்மான்னுதான் வாயசைப்பார். லைட்டை அணைச்சு உள்ள உட்கார வச்சிட்டு, வெளிய இருந்த பொண்ணு போன் வந்துச்சுன்னு மாடிப்படி வரைக்கும் போயிட்டா. இருபது நிமிஷம்." அவர் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். "டியூப் அடைச்சிருக்கு. அப்போ அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. நான் போய்ப் பார்க்கும்போது நாற்காலிலதான் இருந்தார். நாற்காலிக் கைப்பிடியில தட்டித் தட்டி விரல் நகம் பேந்து போயிருந்துச்சு."

அதற்குப் பிறகுதான் கைப்பிடி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

அந்த மனிதர் செத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இருபது நிமிடமும் பேட்ச் அவர் கழுத்தில் இருந்தது, மெஷின் பதிவு பண்ணிக்கொண்டே இருந்தது, அந்தப் பதிவு தானாகச் சேமிப்பில் போய் உட்கார்ந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆட்கள் மாறினார்கள். கம்ப்யூட்டர் பின்னொரு நாள் தேடி எடுத்தது. ரொம்பச் சுத்தமான மௌனம்.

நாடி தெரியவில்லை என்று நாங்கள்தானே சிரித்தோம்.

அவர் இருட்டில் வாயசைத்துக் கெஞ்சிய வார்த்தைகளை இத்தனை நாளாக எல்லா மெஷினிலும் சத்தம் என்று கழித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வந்தது பயம் இல்லை. அவமானம். அதற்கு மேல் ஆத்திரம். எங்கள் தலைவரிடம் போய் வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். எல்லா மெஷினில் இருந்தும் பழைய மௌனத்தை எடுத்தோம்.

அண்ணன் படுத்துவிட்டதால் டாக்டர்கள் திங்கட்கிழமைப் பரீட்சையை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அடுத்த மாதம் அவன் கழுத்திலேயே, விளக்கு எரிய, கதவைத் திறந்து வைத்து, கொஞ்சம் அழுக்கான ஒரு மௌனம் எடுத்தேன். டாக்டர்கள் முன்னால் கதவு என்றான், வந்தது. மூச்சு என்றான், வந்தது. வீட்டுக்குப் போனதும் சமையல்கட்டில் நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டான். மீனை ஏலம் விடுகிற அதே தொண்டையில். அவள் உள்ளறையில் இருந்து, "வர்றேன்பா, ஏன் கத்துற" என்றாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தோடு விட்டிருக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் என்ன சொன்னார் என்று ஒரு தடவையாவது யாராவது முழுசாகக் கேட்க வேண்டாமா. சேமிப்பில் மூலப் பதிவு இருந்தது. தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை, அண்ணனையும் உட்கார வைத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கத்தில், நல்ல வெயிலில். அண்ணன் மெஷின்தான், அதனால் அவன் குரலில்தான் கேட்டாக வேண்டும்.

கேட்டோம்.

கதவைத் திறங்கம்மா. லைட்டு போடுங்கம்மா. யாரும் இல்லையா. மூச்சு வரலம்மா. அதே வரிசை. ஏழெட்டு நிமிடம். நடுவில் டக், டக் என்று கழுத்து வரை வந்த அதிர்வுகள். பிறகு நாடிக் கோடு மெலிந்து, மெலிந்து, நேர்கோடாகிவிட்டது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு மௌனம். பளிங்கு மௌனம்.

பதிவின் கடைசி ஒரு நிமிடத்தை நாங்கள் எப்போதும் வெட்டிவிடுவோம், கதவு திறக்கிற அதிர்வு அதில் விழும் என்று. அதனால் அந்தக் கடைசி நிமிடத்தை யாருமே ஓட்டிப் பார்த்ததில்லை. நான் நிறுத்தவில்லை. ஓடட்டும் என்று விட்டேன்.

நாடிக் கோடு அசையவில்லை. மூச்சுக் கோடு அசையவில்லை. செத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒருவரின் கழுத்து அது.

ஸ்பீக்கர் பேசியது.

"வெளியில பாருங்கம்மா. ஏலக்காரருக்கும் மூச்சு வரல."

அண்ணன் ஸ்கிரீன் பக்கம் குனிந்தான். பதிவின் தேதி மேல் விரலை வைத்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. பேட்ச் அவன் கழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவன் பேசவில்லை, போனை எடுத்துத் தட்டிக் காட்டினான்.

"அன்னைக்கு எனக்குத் தொண்டை நல்லா இருந்துச்சு, வாலு."

ஆமாம். அன்றைக்கு அவன் மார்க்கெட்டில் பெட்டி மேல் நின்று கூவிக்கொண்டிருந்தான். நான் அந்த வேலைக்கே வந்திருக்கவில்லை.